இழுக்காத வண்டி

கண்ணாடிக்கடைக்காரருக்குத் தொழிலே தெளிவு. நாள் முழுக்க அரையிருட்டில் நின்று, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். புதுக் கண்ணாடி போட்டதும் தரை சரிகிறதே என்று யாராவது பதறினால், "பழகிடும்" என்பார். பெரும்பாலும் பழகிவிடும். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அவர் குடும்பமும் நடத்தினார், காரும் ஓட்டினார்.

கார் இரண்டு கை மாறி வந்தது. வாங்கிய அன்றே இடது பக்கம் இழுத்தது. நேராகப் போக வேண்டுமென்றால் ஸ்டியரிங்கை வலது பக்கம் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். சிக்னலில் நின்றால் என்ஜின் விக்கி அணைந்துவிடும். ஆகவே நிற்கும்போதும் ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டிருக்க வேண்டும். சீக்கிரமே பழகிவிட்டது. பழகியதால் கோளாறே இல்லை என்று முடிவுகட்டினார். காரைத்தான் யாரும் கேட்கவில்லை.

அதே காரில்தான் மனைவிக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அவள் நர்ஸ். எழுந்து நடமாட முடியாத நோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை லைசென்ஸ் டெஸ்டில் தேறினால்தான் அது நிலைக்கும். பாடம் எளிமையானது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "வலது, வலது... மிதி, மிதி" என்று ஓதுவார். அவள் அப்படியே செய்வாள்.

டெஸ்டுக்குச் சொந்தக் கார்தான் கொண்டுபோக வேண்டும். கோளாறான கார் என்றால் ஆபீசர் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவாராம். வேறு வழியில்லாமல் சனிக்கிழமை மெக்கானிக்கிடம் விட்டார்கள். மெக்கானிக் ஸ்டியரிங்கோடு சக்கரத்தை இணைக்கும் தேய்ந்துபோன டை ராடை மாற்றினார், சக்கரங்களை நேராக்கினார், என்ஜினுக்குக் காற்று போகும் வழியில் அடைத்திருந்த கரியைச் சுரண்டி எடுத்தார்.

"ஒரு விரல்ல ஓட்டலாம் சார்."

மனைவி ஏறினாள். அவர் பக்கத்தில் ஏறினார். பட்டறைச் சந்து முடிவதற்குள் கார் வலது பக்கம் பாய்ந்து ஒரு குப்பைத்தொட்டியைச் சாய்த்தது. நின்ற இடத்தில் என்ஜின் காட்டுக்கத்தல் கத்தியது.

"இப்ப வலது பக்கம் இழுக்குது!" என்று திரும்பி வந்தார்கள்.

மெக்கானிக் ஓட்டிப் பார்த்தார். நூல் பிடித்தாற்போலப் போனது. கண்ணாடிக்கடைக்காரர் ஓட்டினார். வலது பக்கம் போனது. மெக்கானிக் தலையைச் சொறிந்துகொண்டு மறுபடி காருக்கடியில் நுழைந்து, நுழைந்த வேகத்தில் வெளியே வந்தார்.

"என் கையில நேரா போகுது, உங்க கையில இழுக்குது. எனக்கே ஒண்ணும் புரியல சார்."

"அப்ப பழையபடியே ஆக்கிக் கொடுத்துடுங்க."

"எதை?"

"கோளாறை."

"சரி பண்ணச் சொல்லி ஊர்ல எல்லாரும் வருவாங்க. கெடுத்துத் தாங்கன்னு வந்த முதல் ஆள் நீங்கதான்."

"கெடுத்தா டெஸ்ட்டுக்கே சேத்துக்க மாட்டாங்க, சரி பண்ணா நான் ஃபெயில்" என்றாள் மனைவி. "நல்லா மாட்டிக்கிட்டேன்."

இன்னொரு தடவை பார்க்கலாம் என்று ஸ்டியரிங்கைப் பிடித்தாள். கார் நகர்வதற்குள், "வலது, வலது" என்றார் அவர்.

காலை பிரேக்கில் வைத்தாள். "என்னங்க, நீங்க இறங்குங்க."

"நான் என்ன பண்ணேன்?"

"தெரியல. இறங்குங்க."

இறங்கினார். கார் மெல்ல ஒருமுறை தயங்கியது. பிறகு சந்தின் கோடிவரை நேராகப் போய்த் திரும்பி, நேராகவே வந்து நின்றது. என்ஜின் பூனைபோல் முனகியது.

"சக்கரத்துக்குத்தான் என்கிட்ட மெஷின் இருக்கு சார்" என்றார் மெக்கானிக். "வாய்க்கு இல்ல."

கண்ணாடிக்கடைக்காரர் சிரிக்கவில்லை. தான் இறங்கியதும் கார் எப்படிச் சரியானது என்பது அவருக்கு விளங்கவில்லை. ஞாயிறு முழுக்க அவள் அவரில்லாமலே அந்தச் சந்தில் போய்ப்போய் வந்தாள். மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டாவி விட்டதோடு சரி.

திங்கட்கிழமை தேறிவிட்டாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது அவள்தான் ஓட்டினாள். இனி கார் அவளுடையது, அவருக்கு பஸ். வழிநெடுக உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தார். ஆனாலும் வலது தோள் அவள்மேல் சாய்ந்துகொண்டே இருந்தது. கால் வெறுந்தரையை மிதித்துக்கொண்டிருந்தது.

"ஏன் மேல வந்து விழறீங்க?"

"வண்டி நேரா போற மாதிரியே இல்லையே!"

"பழகிடும்" என்றாள், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.