ஐந்தில் இரண்டு

அடிபட்ட கார் எது வந்தாலும் ரோடெல் முதலில் கண்ணை மூடிக்கொண்டு கதவைத் தடவுவார். கண் ஏமாறும், உள்ளங்கை ஏமாறாது என்பது அவர் கட்சி. தடவி முடித்து, "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. இது பழைய அடி, நம்மகிட்ட மறைச்சிட்டாங்க" என்பார். எங்கள் டூவூம்பா ஊரில் இப்படித் தகரம் நிமிர்த்த ஆள் கிடையாது. அதனால்தான் பிலிப்பைன்ஸிலிருந்து அவரைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அதே பட்டறையில் முன்மேசை என்னுடையது. யாருக்கு எந்தக் காகிதம் வந்தாலும் என் தலையில்தான் விடியும்.

மதியம் சோறும் கருவாடும். கருவாட்டை மைக்ரோவேவில் சூடாக்கக் கூடாது என்று முதலாளி கீத் எழுதி ஒட்டியிருக்கிறார். ரோடெல் அதை நின்று நிதானமாக வாசித்துவிட்டுச் சூடாக்குவார். எனக்கும் ஒரு துண்டு வைப்பார், அதனால் நான் புகார் சொல்வதில்லை.

வருஷா வருஷம் பட்ஜெட் அன்று ரேடியோவைச் சத்தமாக வைப்பார். வெளிநாட்டிலிருந்து எத்தனை பேரை உள்ளே விடுவார்கள் என்று சொல்வார்கள். பத்து இடம் என்றால் ஏழு தொழில் தெரிந்தவர்களுக்கு, மூன்று உறவுக்கு. அந்த மூன்றிலும் புருஷன் பெண்டாட்டி போக மிச்சம் மீதிதான் தாய் தகப்பனுக்கு. "என் கை அவசரமா வேணும்னாங்கக்கா. கையைப் பெத்தவ மெதுவா வரலாமாம்" என்பார் ரோடெல். சிரிக்க மாட்டார். சுத்தியலை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

அவர் அம்மா ஃபெலிசாவுக்கு எழுபத்து நாலு வயது. அந்த நீண்ட வரிசையில் போய் நிற்பதற்கே ஒரு நிபந்தனை இருக்கிறது: பெற்ற பிள்ளைகளில் பாதிப் பேராவது இந்த நாட்டில் குடியிருக்க வேண்டும். ரோடெல் இங்கே, தங்கை நர்ஸ் வேலையில் இங்கே. ஒரு தம்பி கப்பலில், இன்னொருவன் சொந்த ஊர் இலோய்லோவில். நாலுக்கு இரண்டு, சரியாகப் போச்சு. ஆனால் போன மாதம் குடியேற்ற அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது: 'ஐந்து பிள்ளைகள் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பேர்தான் இங்கே. விளக்கவும்.'

"யாரய்யா அந்த அஞ்சாவது?" என்றேன்.

"நோலி. சின்னம்மா மகன். அவங்க செத்தப்ப இவனுக்குப் பதினோரு மாசம். எங்கம்மாதான் வளர்த்தாங்க."

"தத்தெடுத்த பத்திரம்?"

"அக்கா, சொந்த வீட்டுப் பிள்ளைக்கு எங்க ஊர்ல எவன் பத்திரம் எழுதுவான்? அம்மா அஞ்சுன்னாங்க, அஞ்சு எழுதினேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு பெயரால் அம்மாவைத் தானே வாசலில் நிறுத்தியிருக்கிறார் மனிதர். நோலி பிள்ளையில்லை என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் தீர்ந்தது. பதில் சொல்ல இருபத்தெட்டு நாள். ரோடெல் இருபத்தாறு நாள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கீத்தின் சொந்தக் காரில் யாரும் கேட்காத ஒரு நெளிவை எடுத்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் நானே கடிதத்தைத் தட்டச்சு செய்து அவர் முன்னால் வைத்தேன். 'நோலி என் தாய்க்குப் பிறந்தவரோ தத்துப்பிள்ளையோ அல்ல.' அவ்வளவுதான். பொய் ஒன்றும் இல்லை. ரோடெல் ஊருக்கு வீடியோ அழைப்புப் போட்டார். நோலிக்கு முப்பத்தாறு வயதிருக்கும். அம்மாவோடு இருப்பவன் அவன்தான்.

"போட்டுருண்ணே. பேப்பர்லதானே" என்றான். "மழைக்கு மழை வீட்டுக்குள்ள வெள்ளம் வந்து, கிழவிய மாடிக்குத் தூக்கி என் இடுப்பே போச்சு. நீ கொஞ்ச நாள் தூக்கு."

"அம்மாகிட்ட சொன்னியா?"

"அவங்களுக்கு எதுக்கு? தூங்குறாங்க. போட்டியா?"

"பேனா தேடிட்டிருக்கேன்டா" என்றார் ரோடெல். பேனா கையில்தான் இருந்தது.

"தேடு, தேடு. நான் இருக்கேன்."

ரோடெல் கைபேசியை மேசைமேல் குப்புறக் கவிழ்த்து வைத்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.