பிரேக் சாருக்குப் புரையேறியது

அந்த ஊரில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் பிரேக் சாரிடம் திட்டு வாங்கியவர்கள். பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அதன்மேல் பாதத்தைப் பட்டும் படாமல் வைத்துக்கொண்டு, வாயாலேயே வண்டியை ஓட்டிவிடுவார் அவர். "கிளச்ச மெதுவா விடும்மா. அது என்ன, உனக்கு முன்ஜென்மப் பகையா?" என்பார். மேட்டில் நிறுத்தி எடுக்கக் கை நடுங்குகிறவர்களிடம் தன் மாமியார் கதையை ஆரம்பிப்பார். கதை முடிவதற்குள் வண்டி மேட்டைத் தாண்டியிருக்கும்.

வீட்டிலும் அதே கதைதான். மனைவிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. நாள் முழுக்க வருகிறவர்களிடம் "இப்போ தெரியுதா, இப்போ?" என்று கேட்டுக் களைத்து வருகிறவளுக்கு, சமையலறையில் சுவரோடு ஒட்டிப் போட்ட சின்ன மேசையில் அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டு சாப்பிடுவது பழகிப்போயிருந்தது. ரொட்டி வாயில் இருக்கும்போதே பேசுவார். அதை உள்ளே தள்ளத் தேநீர், தேநீரோடு சிரிப்பு. அடிக்கடி புரையேறும். கண்ணில் தண்ணீர் வர இருமுவார். மனைவி உச்சந்தலையைத் தட்டி, "யாரோ நெனைக்கிறாங்க" என்பாள்.

"எங்கிட்ட கத்துக்கிட்டவன் எத்தன பேரு. யாருன்னு கண்டுபிடிக்கிறது?" என்பார் அவர்.

மழைக்காலத்தின் கடைசியில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் மாத்திரையில் ஓட்டினார். மூன்றாம் நாள், வட்டச் சந்திப்பில் எதிரே வந்து இடிக்கப் பார்த்த ஒரு லாரிக்காரனைப் பற்றிச் சொல்லத் தொடங்கியவர், பாதி வாக்கியத்தில் மூச்சுக்கு நின்றார். மீதியைச் சொல்லவில்லை. காய்ச்சலுக்குப் பயப்படாத மனைவி அதற்குப் பயந்து டாக்சியை அழைத்தாள்.

நிமோனியா என்றார்கள். நரம்பு வழியே மருந்து ஏற்றினார்கள், மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். ஒரு வாரத்தில் தேறி வீட்டுக்கு வந்தார். மூன்று வாரம் போகவில்லை, திரும்பவும் குளிர் நடுக்கம், அதே வார்டு. "சீக்கிரமே வேலைக்குப் போயிட்டீங்க" என்றார் பெரிய டாக்டர். மனைவி, காரின் ஏசிமேல் பழியைப் போட்டாள். அவரோ, தன்னிடம் கற்க வந்து, வண்டியைப் பின்நோக்கி எடுக்கும்போதெல்லாம் தும்மிய ஒரு வங்கி ஊழியர்தான் காரணம் என்று அடித்துச் சொன்னார். மூன்று பேருக்கும் ஆளுக்கொரு காரணம் கிடைத்ததால் வேறு காரணத்தை யாரும் தேடவில்லை. இந்த முறை வீடு திரும்பியதும் அவர் ஒரு மாதம் காரைத் தொடவில்லை. ஏசி போட்ட கடைக்குள்கூட நுழையவில்லை. தும்மல்காரர் வேறு ஓட்டுநர் பள்ளிக்கு மாறிவிட்டார்.

அப்படியும் மூன்றாவது முறை போகவேண்டி வந்தது. வார்டு உதவியாளர் ஜன்னலோரக் கட்டிலைக் காட்டி, "ஒங்க இடம் காலியாதான் சார் இருக்கு" என்றார். பிரேக் சாருக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த முறை பார்த்தது வார்டுக்குப் புதிதாக வந்திருந்த பெண் டாக்டர். அவர் மூன்று முறையும் எடுத்த எக்ஸ்ரேக்களைத் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். மூன்றிலும் வலது நுரையீரலின் அடிப்பக்கம்தான் வெளுத்திருந்தது.

"சாப்பிடும்போது புரையேறுமா ஐயா?"

"எல்லாருக்கும் ஏறுறதுதானே டாக்டர்."

"எப்பலேர்ந்து?"

"பேசிக்கிட்டே சாப்பிடுவேன், அதான்."

"தலையில அடிபட்டிருக்கா? பக்கவாதம் மாதிரி ஏதாவது வந்துச்சா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றார், கேள்வி முடிவதற்கு முன்பே.

மனைவி ஜன்னலைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். அவர் கண்ணாலேயே வேண்டாம் என்றார். இத்தனை நாளும் அந்தக் கண்ணுக்குக் கட்டுப்பட்டவள்தான்.

"வந்துச்சு டாக்டர்" என்றாள். "ரெண்டு வருஷம் முன்னாடி. காலையில எழுந்திரிச்சா வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு நிக்குது, பேச்சு குழறுது. ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்கன்னு கெஞ்சினேன். வெளியில தெரிஞ்சா லைசென்ஸைப் புடுங்கிடுவாங்கன்னு ஒரே பிடிவாதம். சாயங்காலத்துக்குள்ள சரியாயிடுச்சு. அதோட வாயத் தொறக்கக் கூடாதுன்னுட்டார்."

டாக்டர் கடிந்துகொள்ளவில்லை. எழுதிக்கொண்டார். வாய் நேரானாலும் தொண்டை முழுதாகத் தேறியிருக்காது, குடிக்கிற தண்ணீரில் கொஞ்சம் வழி மாறி நுரையீரலுக்குப் போகிறதோ என்னவோ, பார்த்துவிடலாம் என்றார்.

அவர் போனதும் பிரேக் சார் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். "முப்பது வருஷத்துப் பொழப்ப ஒரு நிமிஷத்துல போட்டு ஒடைச்சிட்ட" என்றார்.

"பொழப்பு இருக்கட்டும். ஆள் இருக்கணும்ல" என்றாள் மனைவி.

அதற்குப் பிறகு அவளோடு பேசுவதை நிறுத்தினார்.

மறுநாள், விழுங்குவதைச் சோதிக்கும் இளம்பெண் ஒருத்தி வந்தாள். நிமிர்ந்து உட்காரவைத்து, தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு, ஒரு கரண்டி தண்ணீர் கொடுத்தாள். "ஆ சொல்லுங்க சார்" என்றாள். குரல் நனைந்த மாதிரி வந்தது. பிறகு கீழ்த்தளத்தில், எக்ஸ்ரேயில் தெரிகிற ஒரு கரைசலைக் குடிக்கவைத்து, அவர் விழுங்குவதைப் படமாக ஓடவிட்டுக் காட்டினார்கள். வாயிலிருந்து இறங்கிய கறுப்புக் கோடு தொண்டையில் இரண்டாகப் பிரிந்து, ஒல்லியான கிளை முன்பக்கம் மூச்சுக்குழாய்க்குள் வழிந்தது. அந்த நேரத்தில் அவர் இருமக்கூட இல்லை.

"இதான் சிக்கல்" என்றாள் அந்தப் பெண். "புரையேறினா ஒங்களுக்கே தெரியும். இது சத்தமில்லாமப் போயிடுது."

சாலையில் எந்த மூலையிலிருந்து எது குறுக்கே வந்தாலும் முதலில் பார்த்துவிடுகிறவர், தன் தொண்டைக்குள் இத்தனை நாளாக நடந்ததை அன்றுதான் பார்த்தார். திரும்பக் காட்டச் சொன்னார். மூன்றாவது தடவையும் கேட்டார்.

அவள் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லிக்கொடுத்தாள். நிமிர்ந்து உட்கார வேண்டும். முகவாயை நெஞ்சுப்பக்கம் தாழ்த்தித்தான் விழுங்க வேண்டும். சின்னச் சின்ன வாயாக எடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை விழுங்க வேண்டும். தண்ணீர், தேநீர் எதுவானாலும் ஒரு மாவைக் கலந்து கெட்டியாக்கித்தான் குடிக்க வேண்டும். சாப்பிட்டதும் பல் தேய்க்க வேண்டும், பல்செட்டைக் கழற்றிவிட்டுத்தான் தூங்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், வாயில் சாப்பாடு இருக்கும்போது ஒரு வார்த்தை பேசக் கூடாது.

அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவள் எட்டிப் பார்த்தபோது, மனைவி மும்முரமாக எதையோ பேசிக்கொண்டிருக்க, பிரேக் சார் உர்ரென்று தட்டைப் பார்த்துக் குனிந்து மென்றுகொண்டிருந்தார்.

"ரொம்ப நல்லாப் பண்றீங்க சார். பொதுவா இதுக்கு ஒரு வாரமாவது ஆகும்" என்றாள்.

"கோவத்துல இருக்காரும்மா" என்றாள் மனைவி.

"அப்ப கோவம் கொஞ்ச நாள் இருக்கட்டும்."

அவர் வாயிலிருந்ததை முகவாய் தாழ்த்தி, இரண்டு தடவை விழுங்கி முடித்தார். அதன் பிறகுதான் சிரித்தார். அன்று மாலை மனைவி கிளம்பும்போது, "குடைய மறந்துட்டுப் போறியே" என்றார். சமாதானம் அவ்வளவுதான்.

லைசென்ஸ் விஷயத்தில் அவர் பயந்ததில் பாதி நடந்தது. மருத்துவச் சோதனை முடியும்வரை வண்டியைத் தொடக் கூடாது என்று உத்தரவு வந்தது. பள்ளி முதலாளி அவரை மாடி அறைக்கு அனுப்பினார். பலகையில் சந்திப்புகளை வரைந்து, காந்தம் ஒட்டிய பொம்மைக் கார்களை நகர்த்தி, விதிகளைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பொம்மைக் காருக்குப் பிரேக் கிடையாது என்பதே முதல் வாரம் முழுக்க அவருடைய குறை. மேசைக்கடியில் கால் தானாகத் தரையை அழுத்தும். சில மாதம் கழித்து கண், கை, கால் எல்லாம் பார்த்து அனுமதி கொடுத்தார்கள். காலை வேளையில் மட்டும் காருக்குத் திரும்பினார், அந்தப் பெண் டாக்டரின் யோசனைப்படி.

கெட்டித் தேநீர்தான் அவருக்குக் கடைசிவரை ஒத்துவரவில்லை. "போஸ்டர் ஒட்டுற பசை" என்றார். பக்கத்துக் கடையில் நின்று திருட்டுத்தனமாக ஒரு டம்ளர் சாதாரணத் தேநீர் குடித்தது இரண்டு முறை நடந்தது. இரண்டு முறையும் அன்றிரவே மனைவியிடம் தானே சொல்லிவிட்டு, காய்ச்சல் வருகிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வரவில்லை. மூன்றாவது முறைக்கு அவருக்கே துணிச்சல் வரவில்லை.

பேச்சு பாத்திரம் துலக்கும் நேரத்துக்கு மாறியது. அவள் துலக்க, அவர் துடைத்தார். சாப்பிடும்போது தோன்றியதையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு வருவதால், சொல்ல நிறைய இருந்தது. மூன்று தட்டைத் துடைக்க அரைமணி நேரம் ஆகும். பாதி வழியில் சிலது மறந்துவிடும். மறந்ததெல்லாம் நல்ல கதைகள் என்று வருத்தப்படுவார். மனைவிக்கு அந்த வருத்தம் இல்லை.

அடுத்த மழைக்காலமும் வந்து போனது. ஒரு சளி பிடித்தது, மருந்துக்கடையோடு தீர்ந்தது. ஜன்னலோரக் கட்டிலில் யார் யாரோ படுத்து எழுந்தார்கள்.

வெளியூரிலிருந்து மகள் வந்திருந்தாள். மேசையில் ஒரு சத்தம் இல்லாததைப் பார்த்து, "என்னம்மா, ரெண்டு பேருக்கும் சண்டையா?" என்று கேட்டாள்.

அம்மா உதட்டில் விரலை வைத்து, அவருடைய தட்டைக் காட்டினாள். இன்னும் பாதி ரொட்டி இருந்தது.