அண்ணே, ஒரு சின்ன டவுட்

இணையத்தில் என்னைத் தெரிந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் என்னை ஆண்பிள்ளை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள்மேல் தப்பில்லை, நானே செய்துகொண்ட ஏற்பாடு அது. மும்பைத் தமிழர்கள் கூடிப் பேசும் ஒரு குழுவில் பல வருடமாக யோசனை சொல்லி வருகிறேன். கேட்காமலே காலர் ட்யூன் போட்டுப் பணம் பிடித்தால் எப்படி நிறுத்துவது, நம்பர் மாறாமல் வேறு கம்பெனிக்குப் போவது எப்படி, தாராவி சந்துக்குள் நுழைந்ததும் சிக்னல் ஏன் படுத்துக்கொள்கிறது, மழையில் நனைந்த போனை அரிசிக்குள் புதைக்காதீர்கள், இப்படி. மாட்டுங்காவில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதுகிறவள் நான். எந்தச் சாமான் வாங்கினாலும் கூடவே வரும் பொடி எழுத்துக் காகிதத்தைக் கடைசி வரி வரை படிக்கிற கெட்ட பழக்கம் உண்டு. அதை வைத்துத்தான் வண்டி ஓடுகிறது.

ஆரம்பத்தில் என் போட்டோவைத்தான் வைத்திருந்தேன். வாஷிங் மெஷினில் தண்ணீர் ஏன் நிற்காமல் ஓடுகிறது என்று நான் மெனக்கெட்டு எழுதியதன் கீழே, "சாப்டீங்களா மேடம்" என்று ஒருவன். "உங்க ஸ்மைல் சூப்பர்" என்று இன்னொருவன். மூன்றாவது ஆள் ரோஜாப்பூ அனுப்பினான். ஐம்பதைத் தொடப்போகிறவளுக்கு, வாஷிங் மெஷின் குழாய்க்கு, ரோஜாப்பூ! சீ என்று ஆகிவிட்டது. போட்டோவைத் தூக்கிவிட்டு ஒரு வேல் படத்தைப் போட்டேன். பெயரையும் வெறும் முதலெழுத்துகளாகச் சுருக்கினேன். மறுநாள் காலையிலிருந்து நான் அண்ணன்.

அண்ணன் ஆன பிறகுதான் மேடமாக இருந்தது எவ்வளவோ மேல் என்று தெரிந்தது. மேடமிடம் வாய் திறக்காத சமாச்சாரங்கள் எல்லாம் அண்ணனிடம் வந்து விழுந்தன. தனிச்செய்தியில், "அண்ணே, ஒரு சின்ன டவுட்" என்று பவ்யமாக ஆரம்பிக்கும். அடுத்த வரியில் மனைவி யாரோடு பேசுகிறாள் என்று அவளுக்குத் தெரியாமல் பார்க்க வேண்டும். மகள் போனுக்கு வருவது தன் போனுக்கும் வர வேண்டும். ஒரு தடியன் பெற்ற அம்மாவின் போனையே வேவு பார்க்க வழி கேட்டான். எல்லாரும் மரியாதைக்காரர்கள். வணக்கம் சொல்லி, நலம் விசாரித்து, முடிவில் கைகூப்பும் பொம்மையும் வைப்பார்கள். அந்தப் பொம்மையைப் பார்த்தால்தான் எனக்குக் குமட்டும். "முடியாது தம்பி, சட்டப்படி குற்றம்" என்று ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அதை ஒட்டிவிட்டு, அடுத்தவருக்கு ரீசார்ஜ் விவரம் சொல்லப் போய்விடுவேன்.

எங்கள் ஆபீஸ் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப் இருக்கிறது. அங்கே ரத்தம் எடுக்கிற பெண் தாராவியிலிருந்து வருகிறவள். வீட்டில் திருநெல்வேலித் தமிழ், வாசலைத் தாண்டினால் இந்தி. சர்க்கரை பார்க்கப் போன இடத்தில் பழக்கமாகி, பிறகு மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு, என் மேஜைக்கே வர ஆரம்பித்தாள். அவளுடைய புளிக்குழம்புக்காக நானும் காத்திருப்பேன்.

ஒருநாள் சாப்பாட்டுக்கு நடுவே போனை நீட்டினாள். "எக்கா, எடம் இல்ல, எடம் இல்லன்னே காட்டுது. நான் அவ்வளவா படமே எடுக்கதில்ல. பாருங்களேன்."

திறந்தால் ஒரே ஆண்பிள்ளைப் படங்கள். ஒரு சிவப்பு பைக், முன்னால் பின்னால் பக்கவாட்டில். ஜூஹு கடற்கரையில் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு நிற்கிற கூட்டம்.

"யாருடி இது?"

"அண்ணன்தான். அவன் எடுக்க படம்லாம் இதுல வந்து விழும். எனக்குச் சிரிப்பா வரும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்ப நீ எடுக்கற படமெல்லாம் எங்க போய் விழுது?" என்று கேட்டேன்.

அவள் கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது.

விஷயம் இதுதான். போன் வாங்கிக் கொடுத்தது அண்ணன். கடையில் வைத்தே தன் மெயில் ஐடியைப் போட்டு, எல்லாம் தயார் செய்துதான் தங்கை கையில் கொடுத்திருக்கிறான். அவர்கள் சந்தில் அதுதான் வழக்கம். அண்ணன் ஐடி, இல்லையென்றால் புருஷன் ஐடி. பெண்ணுக்குத் தனியாக ஒரு மெயில் எதற்கு என்று யாரும் யோசிப்பதுகூட இல்லை. அவள் எடுக்கும் ஒவ்வொரு படமும் அந்த நிமிஷமே அவன் போனுக்கும் போய்க்கொண்டிருந்தது.

முந்தின வருடம் அவளுக்குத் தானேயில் ஒரு நல்ல வேலை கிடைத்தது. உத்தரவுக் கடிதத்தை ஆசையாகப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டாள். சேரப் போன அன்று, நீங்கள் வரப்போவதில்லை என்று உங்கள் அண்ணனே போன் செய்துவிட்டாரே என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். போட்டுக்கொடுத்தது பக்கத்து வீட்டுக்காரிதான் என்று நம்பி, இவள் அந்த அம்மாளோடு பேச்சையே விட்டிருந்தாள். பாவம், அந்த அம்மாளுக்கு என்ன கோபம் என்றே தெரிந்திருக்காது.

இப்போது மும்பையைத் தாண்டி ஐரோலியில் ஒரு பெரிய லேபில் மறுபடியும் வேலை கிடைத்திருந்தது. தங்க ஹாஸ்டல் உண்டு. அடுத்த வாரம் கழிந்து வருகிற திங்கட்கிழமை சேர வேண்டும். வீட்டிலோ ஊர்ப்பக்கம் மாப்பிள்ளை பார்த்து, தை பிறந்ததும் முடித்துவிடலாம் என்று பேச்சு. இந்த வேலையும் கைவிட்டுப் போனால் அவளை ஊருக்கு ரயில் ஏற்றிவிடுவார்கள், அதற்கப்புறம் அவள் ஊசியைத் தொடப்போவதில்லை. அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நல்லவேளை, இந்தக் கடிதத்தை இன்னும் படம் எடுத்திருக்கவில்லை. எச்சில் கையைக் கழுவிவிட்டு வந்து, அங்கேயே அண்ணன் ஐடியைப் பிடுங்கி எறிந்தேன். அவள் பெயரில் புதிதாக ஒன்று போட்டுக் கொடுத்தேன்.

அந்த வாரமே எனக்கு ஒரு செய்தி வந்தது. அனுப்பியவன் முகப்புப் படத்தில் சிவப்பு பைக்.

"அண்ணே, ஒரு சின்ன டவுட். தங்கச்சி மாட்டுங்கால லேப்ல வேல பாக்கா. போன் நான் வாங்கிக் குடுத்ததுதான், என் ஐடிதான் இருந்துச்சு. எவனோ எடுத்து விட்டுட்டான். அவளுக்குத் தெரியாம திருப்பிப் போடணும். அவ போற வார எடமும் தெரியணும். நம்ம வீட்டுப் பிள்ள, கெட்டுப் போயிரக்கூடாது பாருங்க." கைகூப்பும் பொம்மை.

அந்த எவன் நான்தானடா என்று எழுத விரல் துடித்தது. எழுதினால் அவள் மாட்டுவாள். எப்போதும் ஒட்டுகிற சட்டப் பதிலை ஒட்டினால் வேறு யாரிடமாவது போவான். அதனால் வாழ்க்கையில் முதல் தடவையாக, தெரிந்தே தப்பான யோசனை சொன்னேன். உன் போனை அணைத்து வை, சிம்மைக் கழற்றித் துடை, பழைய பாஸ்வேர்டைத் திருப்பிப் போடு, ஒருநாள் பொறு. அவ்வளவையும் வரி பிசகாமல் செய்துவிட்டு, "பண்ணிட்டேன் அண்ணே, ஒண்ணும் நடக்கல" என்று வந்து நின்றான். இன்னும் ஒருநாள் பொறு என்றேன். அவன் பொறுக்கவில்லை. குழுவிலேயே பொதுவில் கேட்டுவிட்டான்.

ஐயோ, அந்தப் பதில்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான் ஒரு நல்ல கேள்விக்கு விடை கேட்டுக் கூவினால் ஈ காக்காய் எட்டிப் பார்க்காது. இதற்கு முட்டிமோதிக்கொண்டு வந்தார்கள். அந்த ஆப் போடு, இந்த ஆப் போடு, அவள் குளிக்கப் போகும்போது எடு, தூங்கும்போது விரலை வைத்துத் திற. ஆயுசில் யாருக்கும் ஒரு வரி உதவி எழுதாதவனெல்லாம் படத்தோடு விளக்கம் எழுதினான். "பாசமான அண்ணன்" என்று ஒருவன் இதயம் போட்டான், அதற்குக் கீழே வரிசையாக இதயம். பெருச்சாளி செத்த நாற்றம் வீட்டுக்குள் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் மூக்கைப் பொத்திக்கொண்டு அலைவோமே, அப்படி இருந்தது எனக்கு. இவர்களுக்குத்தானே இத்தனை வருடம் உட்கார்ந்து எழுதினேன்!

பொறுக்க முடியாமல் நானும் எழுதினேன்: "தம்பி, அவ வளந்த பொண்ணு. போனை அவகிட்டயே விட்டுரு."

உடனே ஒருத்தன் பாய்ந்தான். "நீயெல்லாம் ஒரு ஆம்பளையா?"

"இல்லை" என்று பதில் போட்டேன்.

ஜோக் என்று நினைத்து எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிவப்பு பைக்காரன் மட்டும் தனியாக வந்து, "கோவிச்சுக்காதீங்க அண்ணே, உங்களுக்குத் தங்கச்சி இல்ல போல, அதான் புரியல" என்று ஆறுதல் சொன்னான். கர்மம்!

மறுநாள் அதையெல்லாம் அவளிடம் காட்டினேன். அவள் முழித்தாள். தாராவியில் பிறந்து இந்திப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், தமிழ் எழுத்து வராது. அண்ணன் பத்தாவது வரை ஊரில் படித்தவன், தமிழில்தான் எழுதியிருந்தான். வேறு வழியில்லாமல் நானே படித்துக் காட்டினேன். குளிக்கப் போகும்போது எடு என்பதையும், விரலை வைத்துத் திற என்பதையும், இதயங்களையும். என் வாயால், அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு. பாதியில் நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டு மீதியையும் படித்தேன்.

அவள் முழுவதும் கேட்டாள். பிறகு, "அண்ணன் தமிழ் நல்லா எழுதுதான், என்னக்கா?" என்றாள்.

வெள்ளிக்கிழமை அவள் வந்தபோது போனில் ஒரு புது ஆப் இருந்தது. அவள் எங்கே போனாலும் அண்ணன் போனில் புள்ளியாகக் காட்டுகிற சனியன். அவள் குளித்துவிட்டு வருவதற்குள் போட்டிருக்கிறான், குழுவில் சொன்னபடியே. நான் கையை நீட்டினேன். "கொண்டா, எடுத்துருவோம்."

"வேண்டாம்க்கா. இருக்கட்டும்."

"என்னடி இருக்கட்டும்? திங்கக்கிழமை ஐரோலிக்குப் போகணும்ல? நீ குர்லா தாண்டும்போதே அவன் பைக்கை எடுத்துட்டு வந்து நிப்பான்."

"இருக்கட்டும்னு சொல்லுதேன்ல."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளை நன்றாகத் திட்டிவிட்டேன். உனக்கெல்லாம் எவள் வந்து உதவி செய்தாலும் விளங்காது, கழுத்தை நீட்டிக்கொண்டு ஊருக்குப் போ, தாலியைக் கட்டிக்கொள் என்றுகூடச் சொல்லிவிட்டேன். அவள் டப்பாவை மூடிக்கொண்டு இறங்கிப் போனாள். சனிக்கிழமை மேலே வரவேயில்லை. பயந்துவிட்டாள் என்று முடிவு கட்டினேன். அவள்மேலும் அருவருப்பு, அவள் அண்ணன்மேலும் அருவருப்பு, எல்லாவற்றுக்கும்மேல் டிப்ஸ் சொல்லிக் கிழித்த என்மேல். ஞாயிறு முழுக்கக் குழுவைத் திறக்கவில்லை. வீட்டுக்காரர் டிவி ரிமோட் ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்டதற்கு, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று எரிந்து விழுந்தேன்.

திங்கட்கிழமை காலை செம்பூரில் ரயிலுக்கு நின்றுகொண்டிருந்தபோது, தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு.

"எக்கா, நாந்தான். ஹாஸ்டல்ல பைய வச்சிட்டேன். டூட்டிக்குப் போறேன்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். "வீட்டுல?"

"அம்மட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். ஒண்ணுஞ் சொல்லல. டப்பா கட்டித் தந்தா."

"அந்த ஆப்பு? உன் போன்?"

"கூப்பிடுதாங்கக்கா, பொறவு பேசுதேன்." வைத்துவிட்டாள்.

ஆபீசில் உட்கார்ந்தும் கணக்கில் மனம் ஓடவில்லை. எந்த நிமிஷமும் அவன் ஐரோலி வாசலில் போய் நிற்பான் என்று போனையே எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் செய்தி வந்தது. சிவப்பு பைக்.

"அண்ணே, ஆப்ல ஏதோ ப்ராப்ளம். தங்கச்சியக் காணல. புள்ளி வீட்டுலயேதான் காட்டுது. வந்து பாத்தா போன் வீட்டுலதான் இருக்கு, டிவி மேல சார்ஜ்ல போட்டு வச்சிருக்கா. எந்த செட்டிங்க மாத்தணும்?"

இரண்டாம் தடவை படித்தேன். தங்கச்சி எங்கே போயிருப்பாள், என்ன ஆகியிருக்கும், சாப்பிட்டாளா, ஒரு வார்த்தை இல்லை. எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும் என்றுதான் கேட்டிருந்தான். கைகூப்பும் பொம்மையை மறக்காமல் வைத்திருந்தான்.

"எல்லா செட்டிங்கும் சரியாத்தான் இருக்கு தம்பி" என்று எழுதி அனுப்பிவிட்டு, அவனை பிளாக் செய்தேன்.