பதினெட்டாவது குழியில் ஒரு சாண்

காலை 6.10. பம்மலிலிருந்து பல்லாவரம் ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ. எப்போதும் இருபது ரூபாய். "முப்பதும்மா, காலைல ஆளே ஏற மாட்டேங்குது" என்றார் டிரைவர். உள்ளே ஏழு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். நான் தாம்பரத்தில் டிக்கெட் பரிசோதகர். பதினோரு வருடமாகப் பொய் கேட்டுக் காது புளித்தவள். இருபதுதான் கொடுத்தேன்.

பல்லாவரத்திலிருந்து கிண்டிக்கு மின்சார ரயிலில் ஐந்து ரூபாய். பக்கத்தில் என் தங்கை ஸ்டெல்லா தொப்பியைக் கசக்கிக்கொண்டு வந்தாள். பெண்கள் கோல்ஃப் சாம்பியன்ஷிப்பில் ரேவதி என்ற கோயம்புத்தூர் வீராங்கனைக்கு அவள் கேடி. மட்டைப் பையைச் சுமந்துகொண்டு கூடவே நடக்க வேண்டும். இன்று இரண்டாம் நாள். மாலையில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ரேவதி தேறிவிட்டால் வருடம் முழுக்க எல்லா ஊருக்கும் ஸ்டெல்லாவை அழைத்துப்போவதாகச் சொல்லியிருந்தார். அதை நம்பித் துணிக்கடை வேலையை விட்டிருந்தாள். எழுதிக் கொடுத்தார்களா என்று கேட்டேன்.

"எல்லாத்துக்கும் டிக்கெட் கேப்பியாக்கா?" என்றாள்.

7.30. மைதானத்தில் நுழைவு இலவசம். அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. அடுத்துக் கேட்டது இன்னும் மோசம்: ரேவதியின் அடிகளை அட்டையில் குறிப்பது அவரோடு சேர்ந்து ஆடும் சிவப்புத் தொப்பிக்காரியாம். போட்டிக்காரி கையில் மார்க் போடுகிற பேனாவா? பக்கத்தில் நின்ற பெரியவரிடம் கேட்டேன். "இங்க அப்படித்தாம்மா" என்றார். நான் டைரியை எடுத்து நானே எண்ண ஆரம்பித்தேன். பதினேழு குழிகள் வெயிலில் நடந்து எண்ணியும் தொப்பிக்காரி கணக்கும் என் கணக்கும் ஒன்றாகவே இருந்தன. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

11.50. கடைசிக் குழி. நாலு அடியில் முடித்தால் ரேவதி தேறிவிடுவார் என்றார் பெரியவர். இரண்டாவது அடியில் பந்து ஓரத்து உயரப் புல்லில், நான் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. ரேவதி தூரம் பார்க்க முன்னால் போனார். ஸ்டெல்லா பையை இறக்கினாள். பை சரிந்து பந்தில் இடித்தது. பந்து ஒரு சாண் உருண்டது. பையைச் சுமப்பவள் தெரியாமல் தட்டினாலும் ஆடுபவருக்கு ஒரு அடி கூடும்.

பார்த்தது நான் மட்டும்தான். ஸ்டெல்லா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

அவள் கையைத் தூக்கினாள். "மேடம், பந்த நான் இட்சிட்டேன்."

பந்தைப் பழைய இடத்தில் வைத்து ஆடினார்கள். அந்தக் குழிக்கு ஐந்து.

மாலை 4.00. பலகையில் பெயர்கள் ஏறின. ஒரே ஒரு அடியில் ரேவதி வெளியே.

4.40, திரும்பும் ரயில். ஜன்னலோரம் இடம் கிடைத்தும் ஸ்டெல்லா உட்காரவில்லை.

"அடுத்த வாரம் பெங்களூர்ல மேட்ச் கீது, வர்றியான்னு மேடம் கேட்டாங்க" என்றாள்.

"உன்னால தோத்துட்டு உன்னையே கூப்பிடறாங்களா? இதுல ஏதோ இருக்குடி."

"யாருமே பாக்கல, ஆனாலும் சொன்னியேன்னாங்க." வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நீ பாத்தத நான் சொல்லலக்கா."

எனக்கு முகம் சுட்டது. பழவந்தாங்கலும் மீனம்பாக்கமும் போயின. பல்லாவரத்தில் இறங்கியதும், நான் கேட்காமலே, சட்டைப் பையிலிருந்து தன் டிக்கெட்டை எடுத்து என் முன்னால் நீட்டினாள். எத்தனையோ ஆயிரம் டிக்கெட் பார்த்திருக்கிறேன். அதை வாங்கிப் பார்க்க எனக்குக் கை வரவில்லை.