செங்கல் நகரத்தின் புதிய படம்

1. வெள்ளிக்கிழமை காலைச் சாப்பாட்டு முறை என் உக்ரைன் தோழிக்கு வந்தது. எங்கள் அலுவலகத்தில் முறை வருபவர் எல்லோருக்கும் பாண் வாங்கி வருவார். புதிதாகச் சேர்ந்தவர் தன் ஊரைப் பற்றியும் சொல்வார்.
2. அவள் சொன்னாள்.
3. ஒருவர், "வரைபடத்தில காட்டுங்கோவன்" என்றார். கணினி எனக்கு முன்னால் இருந்தது.
4. நான் ஆகப் புதிய செய்மதிப் படத்தைத் திறந்தேன்.

நாங்கள் இங்கே பிராண்டே என்ற ஊரில் காற்றாலை இறக்கைகளின் படங்களைப் பெரிதாக்கி வெடிப்புத் தேடுகிறவர்கள். பழைய படத்தை வைத்து முடிவெடுக்கக் கூடாது. கை தானாகவே கடைசித் திகதிக்குப் போய்விடும்.

அதுவரை அவள் காட்டியவை பழைய படங்கள். முதலில் ரயில் பாதை வந்ததாம். பாதை போட்டவர்கள் வெள்ளைக் களிமண்ணைக் கண்டார்கள். களிமண்ணுக்காகத் தொழிற்சாலை, தொழிற்சாலைக்காக ஊர். இரும்பு உருக்கும் உலைகளுக்குள் அடுக்குகிற, நெருப்புத் தாங்கும் செங்கல் செய்தார்கள். மூலை உடைந்த கற்களைத் தொழிலாளர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். தோட்டப் பாதை, கோழிக்கூடு எல்லாமே அந்தக் கல்தான்.

"எங்கட கோழியளுக்கு நெருப்புப் பயமே இல்லை" என்றாள். எல்லோரும் சிரித்தோம். களிமண் தோண்டிய பள்ளம் குளமாகி, கோடையில் ஊரே அதில் நீந்துமாம்.

படம் திறந்தபோது கூரைகள் இல்லை. மேலிருந்து பார்க்க, சுவர்கள் மூடியில்லாத பெட்டிகள் போலக் கிடந்தன.

"இது வேற ஊர்" என்றாள்.

பிறகு குளத்தைக் கண்டாள். அங்கிருந்து தெருத் தெருவாக விரலை நகர்த்தி, தங்கள் வீடு இருந்த இடத்தில் நிறுத்தினாள். விரலுக்குக் கீழே வட்டமாக ஒரு குண்டுப் பள்ளம். என் கண் பழக்கத்தில் அதன் அகலத்தை அளந்துகொண்டிருந்தது. அதை உணர்ந்ததும் கணினியிலிருந்து கையை எடுத்தேன். யாரும் பாணைத் தொடவில்லை.

அவளுடைய அப்பா இங்கே அவளுடன் இருக்கிறார். அந்தத் தொழிற்சாலையில் சூளை பார்த்தவர். வீட்டின் யன்னல்கள் மட்டும்தான் உடைந்தன என்று அயலவர் சொன்னதை நம்பி, அடுத்த மாதம் பஸ்ஸில் திரும்பிப் போய்க் கண்ணாடி போட இருந்தார். அவருக்கு எப்படிச் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. பின்னேரம் வீட்டில் நடந்ததைச் சொல்லி என் அம்மாவிடம் கேட்டேன்.

"சொல்லாமல் விட்டால் என்னம்மா?"

"விட்டா மனுசன் அங்க போய் நிப்பார். யாழ்ப்பாணத்தில எங்கட வீடு விழுந்ததை எனக்கும் எல்லாரும் மறைச்சவை. நான் அந்த வீட்டுக்குத் திரைச்சீலை தைச்சுக்கொண்டிருந்தனான்." அம்மா குளிர் ஜாக்கெட்டை எடுத்தார். "படிச்ச பிள்ளை, பெரிசாக்கிப் பாக்க மட்டும் தெரியும். எழும்பு, நானும் வாறன்."

அவர்கள் வீட்டில், நாங்கள் பக்கத்தில் இருக்க, தோழி அப்பாவிடம் தங்கள் மொழியில் சொன்னாள். அவர் படத்தைப் பார்க்க மறுத்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவள் பிறகு எனக்கு மொழிபெயர்த்தாள்: "சூளையுமோ?"

"ஓம், அதுவும்" என்று சொன்னாளாம்.

அம்மா அவர்களுடைய குசினியில் தேநீர் போட்டார். அவர் குடித்தார்.

பஸ் பயணத்தை அவர் நிறுத்திவிட்டார். மகளுடன் பிராண்டேயில் இருக்கிறார். வீட்டைப் பற்றி இதுவரை எதுவும் கேட்கவில்லை.