தக்கையில் ஓடிய கார்

கல்கத்தாவில் உள்ள திருடர்கள் அத்தனை பேரும் தன் காரின்மேல்தான் கண்ணாக இருக்கிறார்கள் என்று என் அப்பாவுக்கு ஒரு நினைப்பு. அந்தக் காரைப் பார்த்தவர்கள் யாரும் திருடர்களின் ரசனையை இவ்வளவு மட்டமாக எடை போடமாட்டார்கள். ஆபீஸில் ஒரு பெரிய அதிகாரி ஓட்டி ஓய்ந்து, அவருடைய மைத்துனர் ஓட்டி ஓய்ந்து, மூன்றாம் கையாக எங்களிடம் வந்த கறுப்பு வண்டி அது. பின்கதவு ஒன்று உள்ளிருந்து திறக்காது. காளிகாட்டில், டிராம் மணி கேட்கும் தூரத்தில் இருந்த எங்கள் சந்தில், அதைத் தொடாமல் ரிக்‌ஷா போகமுடியாது.

தினம் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்ததும் அப்பா பானெட்டைத் திறப்பார். இன்ஜின் பக்கவாட்டில் ஐந்து தடித்த ஒயர்கள் முளைத்த ஒரு மூடி இருக்கும். அதன் இரண்டு கிளிப்பையும் நெம்பிவிட்டு, உள்ளேயிருந்து கட்டைவிரல் அளவில் பழுப்பான ஒரு சாமானைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். ரோட்டர் என்று பெயர். "இது இல்லாம சாட்சாத் பகவானே வந்தாலும் வண்டியைக் கிளப்ப முடியாது" என்று மாடிப்படி ஏறும்போது ஒருதரம் சொல்லிக்கொள்வார். பகவானுக்கு எங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு எங்கே போகவேண்டியிருந்தது என்று நான் கேட்டதில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது.

அந்த ரோட்டர் என்ன செய்கிறது என்று எனக்குச் சொன்னவள் அத்தை. அப்பாவின் கடைசித் தங்கை. பன்னிரண்டு வயதில் பெற்றோரை இழந்து எங்கள் வீட்டுக்கு வந்தவள், பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. முடித்திருந்தாள். பாட்டரியில் இருக்கும் மின்சாரம் சோனி. காயில் என்ற உருளைக்குள் போய், பாயிண்ட் என்ற சின்ன வாய் திறந்து மூடும்போதெல்லாம் அது பல ஆயிரம் வோல்ட்டாகச் சீறிக்கொண்டு வெளியே வரும். இன்ஜினில் நாலு சிலிண்டர். ஒவ்வொன்றிலும் பெட்ரோல் புகை நெருப்புக்காகக் காத்திருக்கிறது. "பந்தியிலே நாலு இலை போட்டிருக்குன்னு வெச்சுக்கோ. நெய்க்கிண்ணியை எடுத்துண்டு சுத்தி வரவர்தான் ரோட்டர். யாருக்கு எப்போன்னு அவருக்குத்தான் தெரியும். தப்பான இலையிலே ஊத்தினா ரகளை" என்றாள். அன்றிலிருந்து கார் ஓடும்போதெல்லாம் உள்ளே ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நெய்க்கிண்ணியோடு ஓடுவது என் கண்ணுக்குத் தெரியும்.

அந்த வருஷம் பூஜைக்குப் பத்து நாள் முன்னால் அத்தைக்கு மெட்ராஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இன்ஜின் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் சோதனைக்கூடத்தில் வேலை. குறித்த திங்கட்கிழமை காலை வந்து சேராவிட்டால் இடம் அடுத்த பெயருக்குப் போய்விடும் என்று கடைசி வரியில் கறாராக இருந்தது. அப்பா கடிதத்தை இரண்டுதரம் படித்தார். போகாதே என்று அவர் சொல்லவில்லை. மெட்ராஸில் தண்ணீர்க் கஷ்டம் என்றார். ஹாஸ்டல் சாப்பாட்டில் சோடா உப்பு போடுவார்கள் என்றார். தனியாக இரண்டு ராத்திரி ரயிலில் எப்படி என்றார். அத்தை எல்லாவற்றுக்கும் "பரவாயில்லை அண்ணா" என்றாள். பூஜைக் கூட்டத்தில் கிடைத்த ஒரே டிக்கெட் விஜயதசமி சாயங்கால மெயிலுக்கு. அதை விட்டால் வேலையும் போயிற்று என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இங்கே எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். ஆயுத பூஜைக்குக் காரை இரண்டாம் மாடிக்குத் தூக்கிவர முடியாது. வாசலில் வைத்துப் பூஜை பண்ணலாம் என்றால், துர்க்கையம்மன் பந்தலுக்குப் போகும் ஊர்வலமே எங்கள் வாசல் வழியாகத்தான். அதனால் காரின் பிரதிநிதியாக ரோட்டர் மேலே வரும். கொலுவின் முன்னால், என் பாடப்புத்தகங்கள், அம்மாவின் கத்தரிக்கோல், அப்பாவின் ஸ்பானர் எல்லாவற்றோடும் ஒரு பித்தளைத் தட்டில், சந்தனக் குங்குமத்தோடு கம்பீரமாக உட்கார்ந்திருக்கும். மறுநாள் புனர்பூஜை முடியும்வரை யாரும் எதையும் தொடக்கூடாது. நான் தொட்டேன். மூன்றாம் படியில் இருந்த செட்டியார் பொம்மைக்கு நாற்காலியாக அதைப் போட்டு, அம்மாவிடம் குட்டு வாங்கிக்கொண்டு திரும்பத் தட்டில் வைத்தேன். பின்னால் இது எனக்கு வினையாக முடிந்தது.

விஜயதசமி அன்று காலை பூஜை முடிந்தது. நான் புத்தகத்தை எடுத்து ஒரு பக்கம் படித்தேன். புதுச் சட்டை போட்டிருந்த அப்பா ஆபீஸ் பேனாவை எடுத்து ஓம் என்று எழுதினார். அன்று விசர்ஜனம், துர்க்கை சிலைகளைக் கங்கையில் கரைக்கும் நாள். ஐந்து மணிக்கு மேல் தெருவெல்லாம் துர்க்கைகள் லாரியில் ஏறிவிடுவார்கள், டாக்ஸிக்காரர்கள் காணாமல் போய்விடுவார்கள். நாலு மணிக்கே கிளம்பிவிடுவதென்று ஏற்பாடு. நாலு மணிக்கு அத்தையின் டிரங்குப் பெட்டி காரில் ஏறியது. தட்டில் ரோட்டர் இல்லை.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் தொடவில்லை என்றேன். முந்தின நாளும் அப்படித்தான் சொல்லியிருந்தேன் என்பதால் எடுபடவில்லை. கொலுவில் ஒவ்வொரு பொம்மையையும் தூக்கிப் பார்த்தார்கள். அரிசி டின், பூக்கூடை, என் பாவாடைப் பை எல்லாம் கவிழ்ந்தன. அதற்குள் ஐந்து மணியாகி, டாக்ஸியும் டிராமும் நின்றுவிட்டன. "உங்க பாக்கெட்டைப் பாத்தேளா?" என்று அம்மா கேட்டாள். அப்பா சட்டைப்பையை வெளியிலிருந்தே இரண்டு தட்டுத் தட்டி, உதட்டைப் பிதுக்கினார். அம்மா என் பக்கம் கையை ஓங்கிக்கொண்டு வந்தபோது அப்பா குறுக்கே வந்து நின்றுவிட்டார். "குழந்தையை அடிக்காதே. அவ எடுக்கலை" என்றார், என்றைக்கும் இல்லாத வேகத்தோடு. எனக்கு அழுகையிலும் பெருமையாக இருந்தது. உலகத்தில் என்னை நம்புகிற ஒரே மனிதர்.

பிறகு அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். "சகுனம் சரியா இல்லைம்மா. பகவானுக்கே இஷ்டமில்லை போலிருக்கு" என்றார். அந்தக் குரலில் துக்கம் நிஜமாகவே இருந்தது.

அத்தை அழவில்லை. அவள் அப்பாவையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கீழ்வீட்டு ஹோமியோபதி டாக்டரிடம் போனாள். வங்காளி வழக்கப்படி அவரை நான் காக்கு, அதாவது சித்தப்பா, என்று கூப்பிடுவேன். அந்த வங்காளி டாக்டர் டானிக் பாட்டில் ஒன்றின் தக்கையைக் கொடுத்துவிட்டு, எதற்கு என்று தெரிந்துகொள்ளத் தானும் தெருவுக்கு வந்தார். அடுத்ததாக அத்தை எங்கள் டார்ச் விளக்கைப் பிரித்து, உள்ளே இருந்த பித்தளைத் தகட்டை உருவினாள். தினம் மூன்று மணி நேரம் மின்சாரம் போகிற ஊரில் டார்ச்சைப் பலி கொடுப்பது சாதாரணமில்லை. அம்மா மறுபேச்சுப் பேசாமல் கத்தரிக்கோலையும் எடுத்துக் கொடுத்தாள்.

என் ஜியோமெட்ரி பெட்டிக் காம்பஸால் அத்தை தக்கையின் அடியை, ரோட்டர் உட்காரும் தண்டில் மாட்டும்படி குடைந்தாள். தகட்டை வெட்டித் தக்கையின் தலையில் படுக்கவைத்தாள். குண்டூசி தரட்டுமா என்று கேட்டேன். ஊசி உள்ளே போய் இரும்புத் தண்டைத் தொட்டால் நெருப்பு அங்கேயே ஓடிவிடும் என்று சொல்லி, செட்டியார் பொம்மையின் பட்டுநூலை அவிழ்த்துத் தகட்டைக் கட்டினாள். மூடிக்குள் இருக்கும் நாலு முனைகளுக்கும் தகட்டின் நுனிக்கும் நடுவே ஓர் அரிசி கனம்தான் இடைவெளி இருக்கவேண்டும். நாலுதரம் வைத்துப் பார்த்து, நாலுதரம் செதுக்கினாள்.

அதற்குள் சந்தே கூடிவிட்டது. எங்கள் பேட்டையில் கார் வைத்திருந்தவர்கள் மூன்று பேர், காரைப் பற்றிக் கருத்து வைத்திருந்தவர்கள் நூறு பேர். கார்புரேட்டர் என்றார் ஒருவர். பெட்ரோலில் தண்ணீர் என்றார் இன்னொருவர். டாக்டர் காக்கு தக்கையைப் பார்த்துவிட்டு, "ஹோபே நா, ஹோபே நா" என்று, நடக்காது என்பதை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னார்.

"அண்ணா, சுத்தற தண்டுல ஒரு பக்கம் வெட்டு இருக்கே. பித்தளை நுனி அதுக்கு நேரா இருக்குமா, எதிர்ப்பக்கமா?" என்று அத்தை கேட்டாள்.

தினம் இரண்டுதரம் அதைத் திறந்து மூடும் அப்பா, "ஞாபகமில்லையே" என்றார்.

அத்தை நேராக வைத்து மூடியைப் பூட்டினாள். அப்பா சாவியைத் திருப்பினார். பானெட்டுக்குள் டும் என்று ஒரு வெடி. பந்தல் பையன்கள் பட்டாசு என்று நினைத்துக் கைதட்டினார்கள். அத்தை மூக்கு நுனியில் கரியோடு பின்வாங்கினாள். மணி ஐந்தரை. தூரத்தில் விசர்ஜன ஊர்வலத்தின் டாக் மேளம் ஆரம்பித்துவிட்டது. அப்போதுதான், அந்த நாள் முழுக்க முதல் தடவையாக, அவள் கண்ணில் தண்ணீரைப் பார்த்தேன்.

அப்பா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அவளைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை வெளியே நீட்டி, "வெட்டுக்கு எதிர்ப்பக்கம்டி. இப்போதான் ஞாபகம் வந்தது" என்றார்.

அத்தை தக்கையைத் திருப்பி வைத்தாள். சாவி திரும்பியது. இன்ஜின் ஒருதரம் இருமியது, இரண்டுதரம் இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. மருந்து பாட்டில் தக்கையும், டார்ச் தகடும், பொம்மை நூலும் உள்ளே நாலு இலைக்கும் சரியாக நெய் ஊற்றிக்கொண்டிருந்தன. சந்து முழுக்கக் கத்தியது. "ஹோயே கேச்சே!", நடந்துவிட்டது, என்று எல்லோரையும்விட உரக்கக் கத்தியவர் டாக்டர் காக்குதான். முதலிலிருந்தே நம்பியவர் மாதிரி அவர் வழிநெடுகக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு காருக்கு முன்னால் ஓடினார். யாரோ பந்தல் மாலை ஒன்றைக் கொண்டுவந்து அத்தை கழுத்தில் போட்டார்கள். அவள் அதை எடுத்து பானெட்டில் போட்டாள். தேரில் போவது போல ஹவுரா பாலத்தைக் கடந்தோம்.

பிளாட்பாரத்தில் அத்தை அப்பாவை நமஸ்கரித்தாள். எழுந்து, அவருடைய சட்டைப்பையின்மேல் உள்ளங்கையை ஒருகணம் வைத்து, "பத்திரமா வெச்சுக்கோங்கோ அண்ணா" என்றாள். நான் பிக்பாக்கெட் யாராவது இருக்கிறானா என்று சுற்றிலும் பார்த்தேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். ரயில் நகர்ந்தது.

மறுநாள் காலை அப்பா தக்கையைக் கழற்றினார். அதே சட்டைப்பையிலிருந்து ரோட்டரை எடுத்து அங்கே மாட்டினார். சந்தனம்கூட அழியவில்லை. "பாக்கெட்லயே இருந்திருக்கேப்பா!" என்று கத்தினேன். "பழக்க தோஷம்" என்றார். என்மேல் பழி விழவைத்த அந்த மறதிக்காரரைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் சொன்னேன், கல்லூரியில் சொன்னேன், என் கல்யாணத்தில் அப்பாவை எதிரே வைத்துக்கொண்டு சொன்னேன். சோதனைக்கூடத்துக்கே தலைவியாகிவிட்டிருந்த அத்தை பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தாள். அப்பாதான் அதிகமாகச் சிரித்தார்.

போன வருஷம் என் மகள் வேலைக்காக வெளிநாடு கிளம்பினாள். கடைசி நேரத்தில் பாஸ்போர்ட்டைக் காணோம். வீடே கவிழ்ந்து கிடந்தது. "உன் கைப்பையில பாத்தியாம்மா?" என்று கேட்டாள். இல்லையே என்று சொல்லி, நான் கைப்பையை வெளியிலிருந்தே இரண்டு தட்டுத் தட்டினேன்.