கெட்டித்தோல் மனிதனும் ஒரு நாற்காலி டிக்கெட்டும்

பேசும் படம் எங்கள் ஊருக்கு வந்து சேர்வதற்கு முன்னால், ஊமைப் படத்துக்கு வாயை வாடகைக்கு விடுகிற வேலையை நான் ஒரு வருஷம் பார்த்தேன். பகலில் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றில் குமாஸ்தா. சாயங்காலமானால் பாலாற்றங்கரைக் கொட்டகையில் திரைக்குப் பக்கத்தில் பிரம்போடு நின்று, வெள்ளைக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஜனங்களுக்கு உரக்கச் சொல்ல வேண்டும். திரையில் வரும் இங்கிலீஷ் எழுத்தில் பாதிதான் எனக்குப் புரியும். மீதியை இட்டுக்கட்டினேன். கேட்கிறவர்களுக்கு அந்தப் பாதியும் புரியாது என்பதால் யாரும் குறை சொன்னதில்லை.

அந்த வாரம் ஒரு பயங்கரப் படம் வந்தது. மகா மேதாவியான ஒரு டாக்டர், துப்பாக்கிக் குண்டு துளைக்காதபடி மனிதத் தோலைக் கெட்டியாக்க மருந்து கண்டுபிடிக்கிறார். அதைத் தன் மேலேயே பூசிப் பார்க்கும் அளவுக்கு அவர் முட்டாள் இல்லை. வேலைக்காரனைத் தொட்டியில் இறக்குகிறார். ஆராய்ச்சி கோணிக்கொள்கிறது. முகம் மரப்பட்டை மாதிரி வெடித்து எழுந்து வரும் வேலைக்காரன், கண்ணில் பட்டதையெல்லாம் உடைக்கிறான். கடைசியில் தோல் இறுகி இறுகி மூச்சு விட முடியாமல் செத்துப் போகிறான். டாக்டர் ஒரு ரீல் முழுக்க அழுதுவிட்டுக் கல்யாணம் செய்துகொள்கிறார்.

வேறெந்த ஊரிலும் வராத தொல்லை எங்களுக்கு வந்தது. பார்க்க வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் தோல் ஷாப்பு ஆட்கள். தொட்டியைப் பார்த்ததும் பயத்தை மறந்து, வேலை சுத்தமில்லை என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

"சுண்ணாம்புல போடாம நேரா மருந்துல போட்டா தோலு எப்படிய்யா குடிக்கும்?"

"ஆவாரம்பட்டைத் தண்ணியில ஊறப் போட்டிருந்தா இவ்ளோ பேஜாரே இல்ல!"

கொட்டகைக்காரர் கலங்கிப் போய் என் காதைக் கடித்தார். "சைத்தான், சைத்தான்னு ஜோரா கத்துப்பா. பயம் கம்மியானா கும்பலும் கம்மியாய்டும்."

இரண்டு நாள் கத்தினேன். நடுவில் மறைத்திருந்த தட்டிக்கு அந்தப் பக்கம் பெண்கள் அலறினார்கள். நாட்றம்பள்ளியிலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் நாள் என் அண்ணன் வந்தார்.

எங்கள் ஷாப்பு முதலாளிக்கும் ஆராய்ச்சி புத்தி உண்டு. தோலிலிருந்து முடி கழல அது பத்து நாள் சுண்ணாம்புக் குழியில் ஊற வேண்டும். சீமையிலிருந்து வந்த ஒரு தூளைக் கலந்தால் ஒரே நாளில் கழன்றுவிடும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். எவ்வளவு கலப்பது என்று சொல்லவில்லை போலிருக்கிறது. மூட்டையை அப்படியே கவிழ்க்கச் சொன்னார். குழியில் நின்று தோலைப் புரட்டிக்கொண்டிருந்தவர் அண்ணன். முடி ஒரே நாளில் கழன்றது உண்மைதான். அண்ணன் முகத்தில் ஒரு பக்கத்துத் தோலும் கூடவே கழன்றது. முதலாளி பெரிய மனசு பண்ணி இரண்டு சீப்பு வாழைப்பழம் அனுப்பினார். எழுதப் படிக்கத் தெரிந்த தம்பிக்குக் குமாஸ்தா நாற்காலியும் கொடுத்தார். அண்ணன் முகம் போனதால் கிடைத்த அந்த நாற்காலியில் நான் நான்கு வருஷமாகச் சௌகரியமாக உட்கார்ந்திருந்தேன். அண்ணன் பட்டைக் கிடங்கின் பின்பக்கம், முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வேலை செய்தார். கடைத்தெருப் பக்கம் வருவதே இல்லை.

"நீ கத்துறத ஊரே பேசுது. கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்" என்று சொல்லிவிட்டு முன்வரிசை மணலில் உட்கார்ந்தார். பின்னால் நாற்காலி வரிசையில் முதலாளி உட்கார்ந்திருந்தார்.

தொட்டியிலிருந்து வேலைக்காரன் எழுந்தான். இந்தப் பக்கம் அண்ணன், அந்தப் பக்கம் என் வேலை. நான் யோசித்து, தர்ம நியாயமெல்லாம் பார்த்து, வேலையைக் காப்பாற்றிக்கொண்டேன். "சைத்தான்!" என்று கத்தினேன். கொஞ்சம் மெதுவாகக் கத்தினேன். என் பாசம் அவ்வளவுதான்.

படம் காட்ட இருந்தது ஒரே மிஷின். ரீல் மாற்ற விளக்கை ஏற்றுவார்கள். அன்றும் ஏற்றினார்கள். புழுக்கத்தில் அண்ணன் இருட்டோடு இருட்டாகத் துண்டை எடுத்திருந்தார். பக்கத்திலிருந்தவன் திரும்பிப் பார்த்து, "ஐயோ, சைத்தான்!" என்று துள்ளினான். கொட்டகையே சிரித்தது. அந்த வார்த்தையைச் சொல்லிக் கொடுத்த வாத்தியார் நான்தான். வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது.

அண்ணன் முகத்தை மூடவில்லை. எழுந்து, மூலையிலிருந்த பானையில் தண்ணீர் மொண்டு, அத்தனை பேர் பார்க்க என்னிடம் கொண்டுவந்தார்.

"குடிடா. தொண்டை கட்டிக்கிச்சு." நான் குடித்ததும் கேட்டார்: "அந்தத் தொட்டியில அவன் தானா எறங்கினானா?"

"இல்லண்ணா. டாக்டர்தான் எறக்கினாரு."

"அப்ப அத்த சொல்லு."

விளக்கு அணைந்தது. பிரம்பால் வேலைக்காரனைக் காட்டிச் சொன்னேன்.

"இவன் சைத்தான் இல்லீங்க. கூலிக்கு வந்தவன். மருந்து எவ்ளோ போடணும்னு டாக்டருக்கே தெரியாது. பத்து நாள் வேலை ஒரே நாள்ல முடியணும்னு அவசரம். இவன எறக்கிட்டு அவர் கரையில நின்னுக்கிட்டாரு."

படத்தில் பத்து நாள் எங்கேயும் இல்லை. யாரும் சிரிக்கவில்லை. எந்தத் தொட்டி, எந்தக் கரை என்று தோல் ஷாப்பு ஆட்களுக்குத் தெரியும். தலைகள் ஒவ்வொன்றாக நாற்காலி வரிசைப் பக்கம் திரும்பின. டாக்டர் கல்யாணம் வரைக்கும் முதலாளி இருக்கவில்லை.

மறுநாள் காலையில் அவர் ரொம்ப மரியாதையாகப் பேசினார். "உன் குரல் நல்லாருக்குப்பா. அத்த ஏன் இங்க வந்து வீணாக்குற? போய்ட்டு வா."

வீட்டுக்கு வந்து, மத்தியானம் சாப்பிட வந்த அண்ணனிடம் வேலை போனதைச் சொன்னேன். கேழ்வரகுக் கூழைக் குடித்து முடித்து, நிதானமாகக் கை கழுவினார்.

"இன்னிக்கும் அந்தப் படம்தானே?"

"ஆமாண்ணா."

முகத்தில் சுற்றும் துண்டை எடுத்துக் கொடியில் போட்டார்.

"நானும் வர்றேன். மணல்ல உக்கார மாட்டேன். நாற்காலி டிக்கெட்டா வாங்கு."